மானிட்டரை உனக்கு ஏற்றபடி வைப்போம், வா!

வா கண்ணு, பக்கத்தில் உட்கார். இன்று உன் மேசைமேல் இருக்கும் மானிட்டரைப் பற்றிப் பேசப்போகிறோம்.

உன் வீட்டுக்கு ஒரு மேசைக் கணினி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வாங்கியதாக இருக்கலாம். அக்கா கல்லூரி முடித்துவிட்டு உனக்குக் கொடுத்ததாகவும் இருக்கலாம். பலர் என்ன செய்வார்கள்? வயரை மாட்டுவார்கள், ஸ்விட்சைப் போடுவார்கள், அப்படியே விளையாட உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் நீ கேள்வி கேட்கும் பிள்ளை. "திரைக்கு அடியில் நாலைந்து பொத்தான் இருக்கிறதே, அது எதற்கு?" என்று கேட்பாய். அந்தக் கேள்விக்காகவே உன்னை எனக்குப் பிடிக்கும்.

மானிட்டர் உனக்காக வளைந்து கொடுக்க வேண்டிய பொருள். நீ அதற்காகக் கழுத்தை வளைக்கக் கூடாது. எதை எப்படி மாற்றுவது, ஏன் மாற்றுவது என்று தெரிந்துவிட்டால் போதும். பிறகு உன் கண்ணே உனக்குச் சொல்லிக்கொடுக்கும்.

முதலில் அட்டைப் பெட்டியைத் திறப்போம். வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். தெர்மோகோலை மெல்ல உருவு. மானிட்டரின் முகத்தில் மட்டும் கையை வைத்து அழுத்திவிடாதே. ஓரங்களைப் பிடித்துத் தூக்கு.

ஏன் தெரியுமா? அந்தத் திரைக்குள்ளே இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு திரவம் இருக்கிறது. அந்தத் திரவப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 200இல் ஒரு பங்குதான். உன் தலைமுடி ஒன்றை எடுத்துப் பார். அது அந்தப் படலத்தைவிடப் பத்து மடங்காவது தடிமனாக இருக்கும். இவ்வளவு மெல்லிய இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? திரை கெட்டுப்போகும். சரிதானே? அந்தத் திரவம் அங்கே என்ன செய்கிறது என்பது பெரிய கதை. கொஞ்சம் பொறு, அதற்கும் வருகிறேன்.

இப்போது வயர்கள். கரண்டு வயர் ஒன்று, படத்தைக் கொண்டுவரும் வயர் இன்னொன்று. மாட்டும்போது ஸ்விட்ச் அணைந்திருக்கட்டும். பட வயரின் முனை நீல நிறமாக, இரண்டு பக்கமும் திருகாணியோடு இருந்தால் அது விஜிஏ. உள்ளே பார், மூன்று வரிசையாக 15 ஊசிகளுக்கு இடம் இருக்கும். ஐபிஎம் நிறுவனம் 1987இல் கொண்டுவந்த முறை இது. அதன்பிறகு வந்தது எச்டிஎம்ஐ. அதன் முனை தட்டையாக இருக்கும். இரண்டு முனைகளுக்கும் மேல்பக்கம், கீழ்பக்கம் உண்டு. நுழையவில்லை என்றால் திருப்பிப் பார். முரட்டுத்தனமாகத் தள்ளாதே.

விஜிஏ வயரில் படம் மின்னழுத்தமாக ஓடி வருகிறது. அழுத்தம் கூடினால் வெளிச்சம் கூடும், குறைந்தால் குறையும். வரும் வழியில் அது கொஞ்சம் கலங்கலாம். படம் ஒரு பக்கமாக நகர்ந்தும் நிற்கலாம். அப்போது மானிட்டரில் 'ஆட்டோ' என்ற பொத்தானை ஒரு தட்டுத் தட்டு. மானிட்டரே அளந்து பார்த்து நேராக்கிக்கொள்ளும். எச்டிஎம்ஐயில் படம் எண்களாக வருகிறது. அதனால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. உன் சிபியு பெட்டியில் இரண்டும் இருந்தால் எச்டிஎம்ஐயையே மாட்டு.

ஸ்விட்சைப் போட்டதும் ஒரு சின்ன வேடிக்கை நடக்கிறது. நமக்குத் தெரியாமல் இரண்டும் பேசிக்கொள்கின்றன! மானிட்டருக்குள் ஒரு குட்டி நினைவகம் உண்டு. அது எந்த நிறுவனத்தில் செய்தது, எத்தனை புள்ளி அகலம், எத்தனை புள்ளி உயரம் என்ற விவரமெல்லாம் அதில் எழுதியிருக்கும். அடிப்படை விவரத்துக்கு 128 பைட் போதும். கணினி அதை அந்த வயர் வழியாகவே படித்துத் தெரிந்துகொள்கிறது. அதனால்தான் பெரும்பாலும் நீ ஒன்றும் சொல்லாமலே படம் சரியாக வந்துவிடுகிறது.

சரி, மானிட்டரை எங்கே வைப்பது?

ஒரு சோதனை செய்வோம். மானிட்டரை அணைத்துவிடு. உன் நாற்காலியில் உட்கார். கறுப்பாக இருக்கும் திரையைப் பார். என்ன தெரிகிறது? ட்யூப்லைட் தெரிகிறதா? சன்னல் தெரிகிறதா? தெரிகிற ஒவ்வொன்றும் நீ படிக்கும்போது எழுத்தின்மேல் வந்து படியப்போகிற வெளிச்சம். திரை எரியும்போது அதை நீ கவனிக்க மாட்டாய். ஆனால் உன் கண் அதைத் தாண்டித் தாண்டிப் பார்த்துக் களைத்துப்போகும்.

சன்னல் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அது திரையில் பளிச்சென்று தெரியும். மானிட்டரைத் திருப்பிச் சன்னல் பக்கமாக வைத்தால்? அப்போது சன்னல் திரைக்குப் பின்னால் வந்துவிடும். வெளி வெயில் நேராக உன் கண்ணில் விழும். உன் கண்ணின் பாவை சுருங்கிக்கொள்ளும். பாவை சுருங்கினால் கண்ணுக்குள் போகும் ஒளி குறையும், திரை மங்கலாகத் தெரியும். ஆகவே இரண்டும் வேண்டாம். சன்னல் உன் இடக்கைப் பக்கமோ வலக்கைப் பக்கமோ இருக்கட்டும். மேசையை நகர்த்த முடியாத சின்ன வீடா? கவலைப்படாதே, ஒரு திரைச்சீலை போதும்.

அடுத்தது தூரம். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார். கையை நீட்டு. விரல் நுனி திரையை ஒட்டி இருக்கிறதா? அதுதான் அளவு. சென்டிமீட்டரில் சொன்னால் 50இலிருந்து 70 வரை.

இதற்கும் காரணம் உன் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கண்ணில் ஒரு லென்ஸ் உண்டு என்று பள்ளியில் படித்திருப்பாய். அதைச் சுற்றிச் சிலியரித் தசை என்ற வளையமான தசை இருக்கிறது. தூரத்தில் பார்க்கும்போது அந்தத் தசை தளர்ந்து ஓய்வாக இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது அது சுருங்கும். லென்ஸ் தடித்துக்கொள்ளும். இப்போதே செய்து பார். உன் ஆள்காட்டி விரலை நீட்டிப் பிடித்து அதன் நகத்தைப் பார். பார்த்துக்கொண்டே மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவா. ஓரிடத்தில் கண் வலிப்பதுபோல இழுக்கிறதா? அதுதான் அந்தத் தசையின் உழைப்பு! கண் இரண்டும் உள்பக்கமாகத் திரும்புகிற உழைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. திரையை முகத்துக்குக் கிட்டத்தில் வைத்தால் இந்த உழைப்பு மணிக்கணக்கில் தொடரும்.

"எழுத்து சின்னதாக இருக்கிறதே, கிட்டே போனால்தானே தெரிகிறது?" என்கிறாயா? நல்ல கேள்வி. நீ போகாதே, எழுத்தை வரச்சொல். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பிளஸ் விசையைத் தட்டு. இணையப் பக்கத்தின் எழுத்து பெரிதாகிவிடும். எவ்வளவு பெரிதாக்கியும் மங்கலாகவே தெரிந்தால் அம்மாவிடம் சொல். கண் மருத்துவரிடம் காட்டிவிடலாம்.

இப்போது உயரம். பல வீடுகளில் தவறாக இருப்பது இதுதான். அப்பா உட்கார்ந்து பார்த்து மானிட்டரை வைத்திருப்பார். அது அவர் கண்ணுக்குச் சரி. நீ உட்கார்ந்தால் உன் கண் ஒரு சாண் கீழே இருக்கும். நீ அண்ணாந்து பார்ப்பாய்.

திரையின் மேல் விளிம்பு உன் கண் மட்டத்தில் இருக்க வேண்டும், அல்லது அதைவிடக் கொஞ்சம் கீழே. அப்போது திரையின் நடுவைப் பார்க்க உன் பார்வை சற்றுத் தாழும். நம் கண்ணுக்கு அது சுகமான நிலை. தாழ்ந்து பார்க்கும்போது இமை பாதி இறங்கியிருக்கும். கண்ணீர்ப் படலம் சீக்கிரம் காயாது. அண்ணாந்து பார்த்தால் இமை அகலமாகத் திறக்கும், கண் காய்ந்து உறுத்தும், கழுத்தும் பின்னால் மடங்கும். பெரியவர்களின் தலை நான்கைந்து கிலோ எடை. உன் தலையும் லேசானதில்லை. அதைக் கழுத்து நாள் முழுக்கக் கோணலாகத் தாங்க வேண்டுமா, சொல்.

சில மானிட்டர்களின் காலை மேலும் கீழும் நகர்த்தலாம். பிடித்து மெல்ல அழுத்து, இறங்கும். நகராத கால் என்றால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு நீ உயர்ந்துகொள். ஆனால் உயர்ந்ததும் குனிந்து உன் பாதத்தைப் பார். தரையைத் தொடவில்லை, இல்லையா? தொங்கும் காலோடு உட்கார்ந்தால் தொடை மரத்துப்போகும். காலுக்கு அடியில் ஒரு மணை போடு. மணை இல்லாவிட்டால் உறுதியான மரப்பெட்டி.

மானிட்டரின் முதுகையும் ஒருமுறை பார்த்துவிடு. பல மானிட்டர்களில் நான்கு திருகுத் துளைகள் சதுரமாக இருக்கும். உன் ஸ்கேலை எடுத்து இரண்டு துளைகளுக்கு நடுவே அள. 100 மில்லிமீட்டர் இருக்கும், அல்லது 75 இருக்கும். வேறு வேறு நிறுவனங்கள் செய்தாலும் இந்த அளவு மாறாது. எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட அளவு அது. அதனால்தான் எந்தக் கடையில் வாங்கிய தாங்கியானாலும் உன் மானிட்டருக்குப் பொருந்துகிறது. உலகத்தில் இப்படி ஒத்துக்கொண்ட அளவுகள் எவ்வளவு வேலையை மிச்சப்படுத்துகின்றன என்று நினைத்தால் எனக்கு எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கும்.

இதுவரை வெளிவேலை. இனி உள்ளே போவோமா?

உன்னிடம் ஒரு பூதக்கண்ணாடி இருக்கிறதா? திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திற. திரையைத் தொடாமல் பூதக்கண்ணாடியைக் கிட்டத்தில் பிடித்துப் பார். வெள்ளை காணாமல் போய்விடும்! சிவப்பு, பச்சை, நீலம் என்று சின்னச் சின்னக் கோடுகள் வரிசையாக நிற்கும். இப்போது நன்றாகப் பழுத்த மாம்பழத்தின் படம் ஒன்றைத் திற. பழத்தின் மஞ்சள்மேல் பூதக்கண்ணாடியைப் பிடி. மஞ்சள் கோடு எங்கே? இல்லவே இல்லை. சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் எரிகின்றன. நீலக் கோடு ஏறக்குறைய இருட்டாக இருக்கிறது.

அப்படியானால் மஞ்சள் எங்கே உண்டாகிறது? உன் கண்ணிலும் மூளையிலும்! நிறத்தைப் பார்க்க உன் விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருக்கின்றன. உண்மையான மாம்பழத்திலிருந்து வரும் ஒளி அவற்றை எந்த அளவில் தூண்டுமோ, அதே அளவில் தூண்ட சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் போதும். மூளை "மஞ்சள்" என்று முடிவு செய்துவிடும். புரிந்ததா? இல்லையென்றால் இந்தப் பத்தியை இன்னொரு தடவை மெதுவாகப் படி. அவசரமில்லை.

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்த ஒரு குட்டிச் சதுரத்துக்குப் பிக்சல் என்று பெயர். 24 அங்குல மானிட்டர் என்கிறோமே, அது மூலையிலிருந்து எதிர்மூலை வரைக்கும் உள்ள நீளம். 61 சென்டிமீட்டர் வரும். அந்த மானிட்டரில் குறுக்கே 1920 பிக்சல்களும் உயரவாக்கில் 1080 பிக்சல்களும் இருந்தால் மொத்தம் எத்தனை? காகிதத்தில் பெருக்கிப் பார். 20,73,600! ஒவ்வொன்றிலும் மூன்று கோடு என்றால் 62,20,800. இத்தனையும் தனித்தனியாகக் கூடவும் குறையவும் வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். கணினியின் டிஸ்பிளே செட்டிங்கில் ரெசல்யூஷன் என்று இருக்கும். அதில் உன் மானிட்டரின் உண்மையான எண்ணையே தேர்ந்தெடு. குறைவாக, 1280க்கு 720 என்று வைத்தால் என்ன ஆகும்? 1920ஐ 1280ஆல் வகு. ஒன்றரை வருகிறது. கணினி அனுப்பும் ஒவ்வொரு புள்ளியும் திரையில் ஒன்றரைப் பிக்சல் அகலத்தை நிரப்ப வேண்டும். அரைப் பிக்சலை எரிய வைக்க முடியுமா? முடியாது. மானிட்டர் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து சமாளிக்கும். அதனால் எழுத்தின் ஓரமெல்லாம் கலங்கிப்போகும். எழுத்து பெரிதாக வேண்டும் என்று ரெசல்யூஷனைக் குறைப்பவர்கள் பலர். அதே செட்டிங்கில் ஸ்கேல் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கூட்டச் சொல். எழுத்தும் பெரிதாகும், கூர்மையும் போகாது.

இப்போது அந்தத் திரவத்தின் கதைக்கு வருகிறேன்.

திரைக்குப் பின்னால் ஒரு வெள்ளை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கோட்டின் முன்னாலும் ஒரு நிறக் கண்ணாடி. இருட்டு வேண்டிய இடத்தில் அந்த வெளிச்சத்தைத் தடுக்க வேண்டும். 62 லட்சம் இடத்திலும் கதவு வைத்துத் திறந்து மூட முடியுமா? அதைத்தான் அந்தத் திரவம் செய்கிறது.

ஒரு நீளக் கயிற்றைச் சன்னல் கம்பிகளுக்கு நடுவே விட்டு உன் நண்பனை மறுமுனையைப் பிடிக்கச் சொல். சன்னலில் செங்குத்துக் கம்பிகள் இருக்கின்றன. கயிற்றை மேலும் கீழுமாக ஆட்டு. அலை கம்பிக்கு நடுவே நுழைந்து நண்பனிடம் போகும். பக்கவாட்டில் ஆட்டு. கம்பியில் இடித்து அலை நின்றுவிடும். அந்தச் சன்னலுக்கு அப்பால் படுக்கைக் கம்பிகள் உள்ள இன்னொரு சன்னல் இருந்தால்? முதல் சன்னலைத் தாண்டி வந்த மேல்கீழ் ஆட்டம் இரண்டாவதில் நின்றுவிடும். ஒன்றுமே வெளியே போகாது.

ஒளியும் ஓர் அலைதான். அது பல திசைகளில் அதிர்கிறது. ஒரே திசை அதிர்வை மட்டும் விடுகிற மெல்லிய தாள்கள் உண்டு. திரையில் அப்படிப்பட்ட தாள் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருக்கின்றன. அப்படியானால் வெளிச்சமே வரக் கூடாதே! ஆனால் வருகிறது. நடுவில் இருக்கும் திரவம், ஒளியின் அதிர்வை வழியிலேயே திருப்பிவிடுகிறது. திரும்பிய அதிர்வு முன்தாளில் நுழைந்து உன் கண்ணுக்கு வருகிறது. ஒரு வகைத் திரையில், மின்னழுத்தம் கொடுத்ததும் திரவத்தின் மூலக்கூறுகள் நிமிர்ந்து நின்றுவிடும். திருப்பும் வேலை நின்றுபோகும். அந்த இடம் இருட்டாகிவிடும். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொடுத்தால் பாதி இருட்டு. அவ்வளவுதான் அந்தக் கதவு!

இதை நீயே சோதிக்கலாம். வீட்டில் யாரிடமாவது போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் வாங்கிக்கொள். அதன் வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெல்லச் சுழற்று. ஒரு கோணத்தில் திரை முழுக்கக் கறுத்துவிடும். ஏன் என்று இப்போது உன்னால் சொல்ல முடியும். சொல் பார்க்கலாம்!

இந்தத் திரவத்துக்குத் திரவப் படிகம் என்று பெயர். அதை முதலில் கவனித்தவர் கணினிக்காரர் இல்லை, தாவர ஆராய்ச்சியாளர். பிரீட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரிய நாட்டவர். 1888இல் பிராக் நகரில் வேலை செய்துகொண்டிருந்தார். கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலில் ஆராய்ச்சி! அதிலிருந்து செய்த ஒரு பொருளைச் சூடாக்கினார். 145.5 டிகிரியில் அது உருகியது. ஆனால் கலங்கலாக இருந்தது. இன்னும் சூடாக்கினார். 178.5 டிகிரியில் சட்டென்று தெளிந்துவிட்டது. ஒரு பொருள் இரண்டு தடவை உருகுமா? அவருக்குப் புரியவில்லை. ஓட்டோ லேமான் என்ற ஜெர்மன் இயற்பியலாளருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம் என்று பிறகு தெரிந்தது. ஓடுவதில் அது திரவம். ஒளியைக் கையாள்வதில் படிகம். 1968இல்தான் அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழுவினர் அதை வைத்துச் செய்த திரையை உலகத்துக்குக் காட்டினார்கள். கேரட்டிலிருந்து திரைக்கு வர 80 ஆண்டுகள்!

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் சிவராமகிருஷ்ண சந்திரசேகர் என்ற விஞ்ஞானி இருந்தார். சர் சி.வி. ராமனின் சகோதரி மகன் அவர். விண்மீன்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறு. அவர் ராமனின் அண்ணன் மகன். குழப்பிக்கொள்ளாதே. அதுவரை தெரிந்த திரவப் படிகங்களின் மூலக்கூறுகள் குச்சி வடிவத்தில் இருந்தன. 1977இல் சந்திரசேகரும் அவருடன் வேலை செய்தவர்களும் தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் உண்டாகும் என்று காட்டினார்கள். அப்படிப்பட்ட தட்டு மூலக்கூறுகளைப் பூசிய படலங்கள், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் நன்றாகத் தெரிய உதவின. இதைப் படிக்கும்போது உனக்கும் பெருமையாக இருக்கிறதுதானே?

பக்கவாட்டிலிருந்து பார்ப்பது என்றதும் ஒரு வேலை நினைவுக்கு வருகிறது. மானிட்டரைச் சாய்க்க வேண்டும்! தரையில் உட்கார்ந்து திரையை அண்ணாந்து பார். சில மானிட்டர்களில் நிறம் கறுத்து, வெளுப்பு கறுப்பாகக்கூட மாறித் தெரியும். கீழிருந்து பார்க்கும்போது ஒளி அந்த மூலக்கூறுகளை வேறு கோணத்தில் கடந்து வருகிறது, அதனால்தான். நாற்காலிக்குத் திரும்பு. ஒரே நிறமான படத்தைத் திரை முழுக்கத் திற. மேல் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய். மேலேயும் கீழேயும் நிறம் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் நிறுத்து. பெரும்பாலும் 10 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குள் இருக்கும். ரொம்பச் சாய்த்தால் கூரை விளக்கு திரையில் வந்து விழும். அணைத்துப் பார்த்தோமே, அந்தச் சோதனையை இன்னொரு தடவை செய்துவிடு.

இனி அந்தப் பொத்தான்கள். பிரைட்னஸ் என்று இருக்கிறதே, அதைக் கூட்டினால் பின்னால் இருக்கும் விளக்கு அதிகமாக எரியும். அந்த விளக்கு எல்இடி. அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் நீல எல்இடிதான். மேலே பூசிய மஞ்சள் ஒளிரும் பொருள் சேர்ந்து அதை வெள்ளையாக்குகிறது. நன்றாக எரியும் நீல எல்இடியைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவரும் அதற்காக 2014இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

புது மானிட்டரில் பிரைட்னஸ் பெரும்பாலும் தேவைக்கு மேல் இருக்கும். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டுமே! எவ்வளவு குறைப்பது? உன் நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடு. திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திற. தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடி. திரை விளக்காகக் கூசுகிறதா? குறை. தாளைவிடச் சாம்பலாகத் தெரிகிறதா? கூட்டு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தால் நிறுத்து. பகலில் ஓர் அளவு வரும், இரவில் வேறு அளவு வரும். ஆகவே இதை நாளுக்கு இரண்டு தடவை மாற்றினாலும் தப்பில்லை. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரையை மட்டும் பார்க்காதே. பாவை எந்த வெளிச்சத்துக்கு ஒத்துப்போவது என்று திண்டாடும். படுக்கப் போகும் நேரத்தில் பளிச்சென்ற வெளிச்சம் தூக்கத்தையும் தள்ளிப்போடும்.

கான்ட்ராஸ்ட் பொத்தானை அதிகம் தொட வேண்டாம். அதை மிகவும் கூட்டினால் மேகத்தின் சுருக்கங்களெல்லாம் மறைந்து வெறும் வெள்ளையாகிவிடும். ஒரு மேகப் படத்தை வைத்துச் சரிபார், போதும்.

இவ்வளவும் சரியாக வைத்தாலும் ஒன்றை மட்டும் மானிட்டரால் செய்ய முடியாது. அது உன் கண்ணுக்கு ஓய்வு கொடுக்காது. பள்ளியில் பாடவேளை முடிந்ததும் மணி அடிக்கிறார்கள். வீட்டில் யார் அடிப்பது? கடிகாரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு மணி வைத்துக்கொள். அடித்ததும் 20 அடிக்கு, அதாவது ஆறு மீட்டருக்கு அப்பால் எதையாவது 20 விநாடி பார். சன்னலுக்கு வெளியே யாராவது பட்டம் விட்டால் அதைப் பார்! சிலியரித் தசை அப்போது தளரும். அப்படியே நன்றாக நாலு தடவை கண்ணை இமை. நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 தடவை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது மிகவும் குறைந்துவிடுகிறது. கண் எரிவதற்கு அதுவும் காரணம். மாலையில் வெளியே போய் விளையாடு. வெளிவெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

திரையில் தூசு படிந்தால் அணைத்துவிட்டு மூக்குக்கண்ணாடி துடைக்கும் மென்மையான துணியால் துடை. விரல் அடையாளம் போகவில்லை என்றால் துணியைத் துளி நீரில் நனைத்துப் பிழி. திரைமேல் நேராக எதையும் தெளிக்காதே, நீர் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். சன்னல் துடைக்கும் நீல மருந்தும் வேண்டாம். கூச்சத்தைக் குறைக்கத் திரைமேல் பூசியிருக்கும் பூச்சை அது கெடுக்கக்கூடும்.

அப்புறம் தாத்தா. அவரும் அந்தக் கணினியில் செய்தி படிக்க வருவார். அவருடைய மூக்குக்கண்ணாடியின் மேல்பாதி தூரத்துக்கு, கீழ்பாதி கிட்டத்துக்கு என்று இருக்கும். உனக்கு வைத்த உயரத்தில் அவர் தாடையைத் தூக்கி, கண்ணாடியின் கீழ்பாதி வழியாகப் பார்க்க வேண்டியிருக்கும். அவருக்குத் திரை இன்னும் தாழ்வாக வேண்டும். "தாத்தா, தாடையைத் தூக்காமல் எழுத்துத் தெரிகிறதா?" என்று கேட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு. அவர் தலையாட்டியதும் நிறுத்து. தூரத்தையும் அவர் கையை நீட்டச் சொல்லியே அளந்துகொள்.